வள்ளத்தின் அடியில் மேட் போடும் முன்

கடல் கலங்கிக் கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஃபைபர் பட்டறைக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, வள்ளம் சும்மாதான் கெடக்கு. அடியில ரெண்டு மேட் நாங்களே போட்டுக்கிடலாம்னு பாக்கோம். ரெசின் எத்தன கிலோ வாங்கணும்?"

மேட் என்பது கண்ணாடி நார் விரிப்பு, ரெசின் அதை ஊறவைத்து இறுக்கும் பிசின். ரெசின் கணக்கு சொல்வதற்கு முன் நான் கேட்பது, வள்ளம் எப்போது கரையேறியது என்றுதான். "நேத்துதான்" என்று பதில் வந்தால், ரெசினே வாங்க வேண்டாம் என்பேன். தன்னிடம் வேலை வர வேண்டும் என்பதற்காக ஆசாரி இப்படிப் பேசுகிறார் என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில், அரைகுறையாக ஒட்டியதை உரித்தெடுத்துத் திரும்பப் போடுவதற்குத்தான் எங்களுக்குக் கூலி அதிகம்.

அடியைப் பலப்படுத்த நினைப்பதில் தப்பே இல்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் என்று துறைமுகங்கள் இருந்தாலும், நிறைய ஊர்களில் இன்னும் வள்ளத்தை மணலில்தான் இழுத்து ஏற்றுகிறோம். அந்த மணலும் சாதாரண மணல் அல்ல. மணவாளக்குறிச்சியில் பிரித்தெடுக்கிறார்களே இல்மனைட், சிர்கான், கார்னெட், அதே கனிமங்கள் கலந்த மணல். கார்னெட் கண்ணாடியைவிடக் கடினமானது. தேய்ப்புத்தாள் செய்யவும், இரும்பில் துரு எடுக்கவும் உலகம் முழுக்க அதை வாங்குகிறார்கள். நாமோ கண்ணாடி நாரில் செய்த வள்ளத்தைத் தினமும் அதன் மேல் இழுக்கிறோம். ஏராவும் (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பு), அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், அடியும் முதலில் தேய்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் ஒரு தடவை உரசினால் ஜெல்கோட் என்ற மேல்பூச்சு போய் நாரே வெளியே தெரியும்.

ஆக, மேட் போடத்தான் வேண்டும். ஆனால் போட்டது பிடிக்க வேண்டுமே.

புது வள்ளம் செய்யும்போது ஒரு அடுக்கு முழுசாக இறுகும் முன்பே அடுத்த அடுக்கைப் போடுகிறோம். அப்போது இரண்டும் ரசாயன முறையில் சேர்ந்து ஒரே உடம்பாகிவிடும். பல வருஷம் கடலில் ஓடி இறுகிப்போன பழைய ஃபைபரில் அது நடக்காது. அங்கே புது ரெசினுக்குப் பிடிமானம் என்று ஒன்று உண்டென்றால், நாம் கிரைண்டரில் கீறி வைத்த சொரசொரப்பு மட்டும்தான். அந்தச் சொரசொரப்புக்குள் உப்போ, ஈரமோ, எண்ணெயோ, கிரைண்டர் தூசியோ இருந்தால் புது அடுக்கு சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி நிற்கும். அதையும் ஒரே சீசனில் அலை உரித்துவிடும்.

பட்டறைக்கு வருகிற வள்ளத்தில் நான் முதலில் செய்வது, சுத்தியல் பிடியால் அடி முழுக்கத் தட்டிப் பார்ப்பது. பிடித்திருக்கும் இடம் "டங்" என்று இறுக்கமாக ஒலிக்கும். விட்டுப்போன இடம் "டப்" என்று செத்த சத்தம் கொடுக்கும். அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, ஓரத்தில் உளியை நுழைத்துத் தூக்கினால் சில வள்ளங்களில் முழ நீளத்துக்குப் புது அடுக்கு அப்படியே வந்துவிடும். அடியில் பழைய பெயின்ட் பளபளப்பாக இருக்கும், கீறல்கூட விழாமல். பெயின்டின் மேலேயே மேட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, எப்படிச் செய்வது? முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்புப் போகக் கழுவ வேண்டும். கடல் தண்ணீரில் கழுவிவிட்டு "கழுவியாச்சு" என்று சொல்லக் கூடாது. பிறகு வள்ளத்தைக் கவிழ்த்துக் காற்றோட்டமான நிழலில் நாள்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. கைக்குட்டை அளவு பாலித்தீன் தாளை அடியில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மாசி, பங்குனியில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனி, ஆடியில் லேசில் காயாது. சிக்கலே அதுதான்: ஆட்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாதமும், ஃபைபர் வேலைக்கு ஆகாத மாதமும் நம் கடப்புறத்தில் ஒன்றாக இருக்கின்றன. தென்மேற்குப் பருவம் போனால் வடகிழக்கு வந்து நிற்கிறது. மேலே கூரை இல்லாமல் மழைக்காலத்தில் அடி வேலை தொடங்காதீர்கள்.

காய்ந்த பிறகு 36 அல்லது 40 நம்பர் தேய்ப்புத்தாள் போட்டு, பெயின்டும் ஜெல்கோட்டும் போய் வெள்ளையாக நார் தெரியும்வரை தேய்க்க வேண்டும். உடைந்த இடமாக இருந்தால் குழியைச் சுற்றி நீளச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஃபைபர் கனத்தைப் போல 12 மடங்கு சரிவு என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. 6 மில்லிமீட்டர் கனம் என்றால் சுமார் 7 சென்டிமீட்டர். தூசியைத் துடைத்து, அசிட்டோன் தொட்ட சுத்தமான துணியால் ஒரு தடவை துடைத்த பிறகு அந்த இடத்தில் கை வைக்காதீர்கள். உள்ளங்கை எண்ணெய் போதும், காரியத்தைக் கெடுக்க.

பழைய பரப்பின் மேல் முதலில் மேட்தான் போட வேண்டும். பலம் வேண்டும் என்று நேராக ரோவிங், அதாவது கனமாக நெய்த கண்ணாடி நார்த் துணி, போடுகிறவர்கள் உண்டு. அதன் நெசவுக் குழிகளில் காற்று தங்கிவிடும். எப்பாக்சி என்ற இன்னொரு வகை ரெசின் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், விலையும் அதற்கேற்ற மாதிரி. ஆனால் அதை வாங்கி வந்து சாதா மேட்டோடு சேர்க்காதீர்கள். மேட்டின் நார்களைச் சேர்த்து வைத்திருக்கும் பசை நாம் வழக்கமாக வாங்கும் பாலியெஸ்டர் ரெசினில் கரைகிற மாதிரி செய்தது. எப்பாக்சியில் கரையாமல் விறைத்து நிற்கும். எப்பாக்சிக்கு நெய்த துணியோ தைத்த துணியோதான் சரி.

எத்தனை அடுக்கு? இதில்தான் ஆசை அதிகம். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்குப் போட்டால், ரெசினோடு சேர்த்து ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். கனம் சுமார் 1 மில்லிமீட்டர் கூடும். 10 சதுர மீட்டர் அடியில் நாலு அடுக்கு போட்டால் 60 கிலோ தாண்டிவிடும். இனி கடலுக்குப் போகும்போதெல்லாம் கூலி வாங்காத ஒரு ஆளையும் ஏற்றிப் போகிறீர்கள். எஞ்சின் அவனுக்கும் சேர்த்து எண்ணெய் குடிக்கும். கரையில் இழுக்கிறவர்கள் அவனையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதனால் முழு அடிக்கும் போடாமல், ஏராவுக்கும் மணல் உரசும் பட்டைக்கும் மட்டும் போடச் சொல்வேன்.

எடையைவிட எனக்குக் கவலை, அடியின் வடிவம் மாறுவது. தேய்ந்தது அமரத்துப் பக்கம் என்பதால் அங்கே மட்டும் அடுக்கடுக்காகப் போட்டு விடுகிறார்கள். கடைசி முழத்தில் அடி கீழ்நோக்கித் தடித்து ஒரு ஆப்பு மாதிரி ஆகிவிடும். வேகம் எடுத்தால் அந்த ஆப்பு பின்பக்கத்தைத் தூக்கும், முன்பக்கமான அணியம் தாழும். நடுக்கடலில் இது வெறும் எண்ணெய்ச் செலவு. கரைக்கு வரும்போது, பின்னால் அலை தள்ள, அணியம் தண்ணீரில் குத்தினால் வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழக்கூடும். நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை அடியின் பின்பகுதியில் முன்பின்னாக வைத்துப் பாருங்கள். சட்டத்துக்கும் அடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் குழி இருக்கிறது. நிரப்பித் தேய்த்து நேராக்கிய பிறகே தண்ணீரில் இறக்குங்கள். அடி முடியும் பின் ஓரமும் கூர்மையாக இருக்க வேண்டும், உருட்டிவிடக் கூடாது.

அடியில் நீளவாக்கில் பட்டை வைத்தால் ஆட்டம் குறையும், தண்ணீர் தெறிக்காது என்று வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள், அந்தப் பட்டையை எஞ்சினுக்கு நேர் முன்னால் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார்கள். பட்டை இழுத்து வரும் காற்றுக் குமிழி புரொப்பெல்லருக்குள் போய், எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வள்ளம் நகராது. இப்படி எஞ்சின் மெக்கானிக்கிடம் அலைந்து, கடைசியில் பட்டறைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏராவுக்கு ஸ்டீல் பட்டை அடிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறைய வள்ளங்களில் ஏராவுக்குள் மரம் இருக்கும். சும்மா துளை போட்டு ஸ்க்ரூ முறுக்கினால் அந்தத் துளை வழியே தண்ணீர் மரத்துக்குப் போகும். மரம் ஊதி, ஃபைபரைப் பிளந்த பிறகுதான் வெளியே தெரியும். துளையைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சி நிரப்பி, அது இறுகிய பிறகு அதற்குள் சின்னத் துளை போட்டு முறுக்குங்கள்.

இனி, வள்ளத்தைவிட முக்கியமான விஷயம்: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட். மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்பது அதன் முழுப்பெயர். பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். கடையில் சில்லறையாகக் கேட்டால் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. அந்த பாட்டில் வீட்டுத் திண்ணையில் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்க வேண்டாம். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வேலை தொடங்கும் முன்பே பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இருக்கட்டும். பட்ட உடனே, அந்த நொடியிலேயே, இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். அதற்கப்புறம் ஆஸ்பத்திரி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த மூடியைத் திறக்கவே கூடாது.

இறுகுவதை வேகப்படுத்த ரெசினில் சேர்க்கும், ஊதா நிறத்தில் இருக்கும் கோபால்ட்டையும் இந்த கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் அளக்க ஒரே மூடியைப் பயன்படுத்தாதீர்கள். சில ரெசின்களில் கோபால்ட் ஏற்கெனவே கலந்தே வரும், கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோ ரெசினுக்கு கேட்டலிஸ்ட் 10 முதல் 20 மில்லி. சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் ஃபைபர் நொறுங்கும் தன்மைக்குப் போகும். குறைத்தால் உள்ளே வேகாமலே கிடக்கும். வாளி நிறையக் கலக்கவும் வேண்டாம். நம் வெயிலில் கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கும், மொத்தமாக இருந்தால் தானே சூடேறிப் புகையும். ஒரு கிலோ கலக்கி, தீர்ந்த பிறகு அடுத்தது.

ரெசினில் வாடை அடிக்கும் ஸ்டைரீனின் ஆவி சுமார் 31 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறி பட்டால் பற்றும். குளச்சலில் சாதாரண மத்தியானம் அது. அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் கவிழ்த்த வள்ளத்தின் கீழேயும், நிமிர்த்திய வள்ளத்தின் உள்ளேயும் தேங்கி நிற்கும். பீடியை அணைத்துவிட்டு வாருங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க் கிரைண்டர் தூசிக்கு ஓரளவு உதவும், ஆவிக்கு உதவாது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வேண்டும். வள்ளத்துக்குள் குனிந்து வேலை செய்கிறவருக்குத் தலை சுற்றினால், முதலில் அவரை வெளியே இழுங்கள். தனி ஆளாக உள்ளே இறங்க வேண்டாம்.

ரெசின் வாங்கும்போது டின்னில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நிழலில் வைத்தாலே சுமார் ஆறு மாதம்தான் அதற்கு ஆயுசு. தகரக் கொட்டகைச் சூட்டில் இருந்தால் இன்னும் குறைவு. டின்னைச் சாய்த்தால் தேன் போல ஓடாமல் கட்டியாக நகர்ந்தால், விலை குறைத்துக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.