கெதார் என்றால் ‘தங்கு’ மட்டுமா?

ஸ்பானியம் படிக்கத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கெதார் என்ற வினைச்சொல் வந்து நிற்கும். அகராதியில் முதல் பொருள் ‘தங்கு, மிஞ்சு’ என்று இருக்கும். சரி என்று அதைக் குறித்துக்கொண்டால், மருந்துக்கடைக்கு வழி கேட்பவரும் கெதார் என்கிறார், சட்டை எடுப்பாக இருக்கிறது என்பவரும் அதையே சொல்கிறார். எட்டு மணிக்குச் சந்திப்போமா என்பதற்கும் அதே சொல்தான். குழம்பாமல் என்ன செய்வது?

முதலில் உச்சரிப்பு. இந்தச் சொல்லுக்குத் தமிழ் எழுத்து நன்றாகவே பொருந்துகிறது. நடுவில் வரும் ஸ்பானிய ஒலி ‘அது’வில் நாம் சொல்லும் தகரத்தைப் போல மென்மையானது. கடைசியில் வருவது நாக்கு ஒரே ஒரு முறை தட்டும் நம்முடைய இடையின ரகரம். இரண்டாம் அசையைக் கொஞ்சம் அழுத்தி, கெதார் என்று தமிழில் எழுதியபடியே படித்தால் மத்ரித்தில் யாரும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

இதன் வேர் லத்தீனின் குயியெதாரெ. அமைதிப்படுத்து, அடக்கு என்று பொருள். ஆங்கிலத்தின் ‘கொயட்’ இதே குடும்பம். ஸ்பானியத்திலும் அசையாமல் இருப்பதற்குக் கியெதோ, தாழ்ந்த குரலில் பேசுவதற்கு ஆப்லார் கெதோ என்று உறவுச்சொற்கள் இருக்கின்றன. சத்தம் அடங்குவது அசைவு நிற்பதாகி, அப்புறம் நின்ற இடத்திலேயே இருப்பதாகி, கடைசியில் மற்றதெல்லாம் போனபின் மிஞ்சுவதாக ஆயிற்று. ஓய்ந்து நின்ற இடம் எது என்று கேட்டுக்கொண்டால் கெதாரின் பெரும்பாலான பொருள்கள் பிடிபட்டுவிடும்.

அந்தப் பழைய ‘அடங்கு’ இன்றும் உயிரோடிருக்கும் ஒரு தொடர் உண்டு: தோக்கெ தெ கெதா. தோக்கெ என்பது மணி அடித்தல். இரவில் எல்லோரும் வீட்டுக்குள் போய் அடங்கச் சொல்லும் மணி அது. நாம் ஊரடங்கு என்கிறோமே, அதேதான். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே கருத்தைப் பிடித்திருக்கின்றன. ஆங்கிலத்தின் கர்ஃபியூ வேறு வழியில் வந்தது, ‘நெருப்பை மூடு’ என்ற பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து. 2020 மார்ச் 14 அன்று ஸ்பெயினில் அவசர நிலை அறிவித்தபோது எங்கு பார்த்தாலும் ‘கெதாதெ என் காஸா’ என்ற வாசகம்: வீட்டிலேயே இரு. அதே ஆண்டு அக்டோபரில் இரவு 11 மணி முதல் காலை 6 வரை வெளியே போகத் தடை வந்தபோது, பிரதமர் பெத்ரோ ஸாஞ்செஸ் தோக்கெ தெ கெதா என்ற பெயரைத் தவிர்த்து ‘இரவு நேர நடமாட்டக் கட்டுப்பாடு’ என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மக்கள் என்னவோ தோக்கெ தெ கெதா என்றே சொன்னார்கள்.

இனி கடைத்தெரு. ரொட்டிக் கடையில் ‘நோ கெதா பான்’ என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது, மிச்சம் இல்லை. (இலங்கைத் தமிழருக்குப் பான் புரிந்துவிடும். அவர்கள் சொல்லும் பாண் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல், இதற்கு உடன்பிறப்பு.) ‘மெ கெதான் தோஸ்’ என்றால் என்னிடம் இரண்டு பாக்கி இருக்கிறது. துணிக்கடையில் கண்ணாடி முன் நிற்கும் தோழியிடம் ‘தெ கெதா பியென்’ என்பார்கள்: உனக்கு நல்லா இருக்கு. இங்கே ‘தெ’ என்பது அப்படியே நம் ‘உனக்கு’. எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்று நான்காம் வேற்றுமையில் பேசிப் பழகிய தமிழருக்கு இந்த அமைப்பு ஒரு சுமையே இல்லை. ஆங்கிலத்துக்குப் போய்ச் சுற்றி வந்தால்தான் கஷ்டம். ‘தெ கெதா கிராந்தெ’ என்றால் சட்டை உனக்குப் பெரிசு. பதவி ஒருவருடைய தகுதியை மீறியது என்பதற்கும் இதே அமைப்பு ஓடும்.

இடத்துக்குக் கெதார் போடுவது லத்தீன் அமெரிக்காவில் அதிகம் காதில் விழும். ‘தோந்தெ கெதா லா ஃபார்மாஸியா?’ என்றால் மருந்துக்கடை எங்கே இருக்கிறது? ஊர், கட்டடம், தெரு போல நகராதவற்றுக்குத்தான் இது. சாவி எங்கே என்று கேட்கக் கெதாரைக் கூப்பிட முடியாது.

ஸ்பெயினில் நாளெல்லாம் கேட்பது இன்னொன்று. ‘கெதாமோஸ்?’ என்றால் சந்திப்போமா. ‘எ கெதாதோ’ என்று மொட்டையாகச் சொன்னாலே போதும்: வேறொருவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன், வரமுடியாது. யாரை, எங்கே என்று விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு கச்சிதமான சாக்கு தமிழில் இல்லை என்பது என் குறை. பேசிப் பேசி ஒரு முடிவில் வந்து நிற்பதும் கெதார்தான். நிமிடத்துக்கு ஒன்று பேசும் ஆளிடம் ‘என் கே கெதாமோஸ்?’ என்பார்கள். நம் ஊரில் ‘கடைசியா என்னதான் சொல்றே?’ என்று எரிச்சலோடு கேட்கும் அதே தொனி.

நல்ல பேர் வாங்குவது கெதார் பியென், பேரைக் கெடுத்துக்கொள்வது கெதார் மால். இவற்றில் பெரிய மர்மம் இல்லை.

உண்மையான சுவாரஸ்யம் கெதார்ஸே என்ற தற்சுட்டு வடிவில்தான், அதாவது ‘தன்னை’ என்று சுட்டும் ‘ஸே’ வினையோடு ஒட்டிவரும் வடிவில். ‘ஸெ கெதோ தோர்மிதோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தூங்கினவனாகத் தங்கினான்’. தமிழில் தூங்கிப்போனான். பயத்திலோ வியப்பிலோ கெதார்ஸே எலாதோ, உறைந்துபோதல். ஸ்பானியம் ‘தங்கு’ என்று போடும் இடத்தில் நாம் ‘போ’ என்று துணைவினை போடுகிறோம். நேரெதிர்ச் சொல், ஆனால் வேலை ஒன்றே. பார்வை இழத்தல், முடி கொட்டி வழுக்கையாதல், துணையை இழத்தல் என இழப்பால் வரும் நிலைமாற்றங்களுக்கு ஸ்பானியம் பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான் நாடுகிறது. கல்யாணமாகாமல் வயதாகிவிட்ட பெண்ணைப் பற்றி ‘புனிதர்களுக்கு உடை உடுத்தத் தங்கிவிட்டாள்’ என்றும் ஒரு பேச்சு உண்டு. கோயில் சிலைகளுக்கு ஆடை அணிவிக்கும் வேலைதான் அவளுக்கு மிச்சம் என்ற குத்தல். ஆண்களுக்கு அப்படிச் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

கெதார்ஸேவுக்குப் பின்னால் ‘உடன்’ என்று பொருள்படும் ‘கோன்’ வந்தால் பொருள் ‘வைத்துக்கொள்’. சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதும், கடையில் நாலைந்து பார்த்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன் என்பதும் இப்படித்தான். அந்த ‘ஸே’ செய்யும் வேலையை இங்கே நம் ‘கொள்’ செய்கிறது. ஆனால் பொருளுக்குப் பதில் ஆளைப் போட்டால் ஸ்பெயினில் கதை மாறும்: ‘என்னை வைத்துக்கொள்கிறாயா?’ என்ற அமைப்புக்கு ‘என்னைக் கலாய்க்கிறியா?’ என்று அர்த்தம்.

ஆக, ஒரே ஒரு தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நான் ‘நில்’ என்பேன். நடை நிற்கும், மழை நிற்கும், மனதிலும் நிற்கும். வேரின் அமைதியும் ‘மிஞ்சு’வின் பொருளும் அதில் ஓரளவு வந்துவிடும். மொழிபெயர்ப்பில் அதையே எல்லா இடத்திலும் போட்டால் நடக்காது. இடத்துக்கு ‘இரு’, பணத்துக்கு ‘மிச்சம்’, நிலைமாற்றத்துக்கு ‘போ’, பொருளுக்கு ‘வைத்துக்கொள்’ என்று மாற்றி மாற்றித்தான் போடவேண்டும்.

ஸ்பெயினின் மேற்குப் பக்கம், எஸ்த்ரெமாதூரா, சாலமாங்கா வட்டாரங்களில் ஒரு வழக்கு உண்டு. சாவியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பதற்கு அங்கே பலர் கெதாரையே செயப்படுபொருளோடு போட்டு, ‘சாவியை வீட்டில் கெதே’ என்பார்கள். மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் இலக்கணப்பிழை என்பார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் தெஹார் என்ற வேறு வினையைப் போட்டுவிடுவது நல்லது.