ஓமமும் மெந்தோலும் வயிற்று முறுக்கும்

திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சிட்டிகை ஓமத்தை எடுத்து உள்ளங்கையில் கசக்கி மணந்து பாருங்கள். மூக்கில் ஏறும் அந்தக் காரம் தைமோல். யாழ்ப்பாணத்தில் வயிறு பொருமினால் ஓமத் தண்ணீர் கொடுப்பது அதை நம்பித்தான். ஆனால் ஐபிஎஸ் என்று டாக்டர்மார் சொல்லும் குடல் கோளாறுக்கு அதிகம் சோதிக்கப்பட்டது பெப்பர்மின்ட் எண்ணெய். அதிலுள்ள மெந்தோலும் ஓமத்தின் தைமோலும் நெருங்கிய சொந்தம். தைமோல் மூலக்கூறில் ஆறு ஐதரசன் அணுக்களைச் சேர்த்தால் மெந்தோல்; தொழிற்சாலைகளில் அப்படியும் செய்கிறார்கள்.

ஐபிஎஸ் உள்ளவரின் குடலைக் கமரா விட்டுப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தெரியாது. ஆனாலும் முறுக்கும், பொருமும், ஒரு கிழமை வயிற்றாலை போகும், மறு கிழமை இறுகிக்கொள்ளும். குடல் தசை தேவைக்கு மேல் இறுகுகிறது. சாதாரண வாயு அழுத்தத்தையும் நரம்புகள் நோவாக எடுத்துக்கொள்கின்றன.

தசை இறுக வேண்டுமென்றால் அதன் கலங்களுக்குள் கல்சியம் நுழைய வேண்டும். மெந்தோல் அந்த வாயில்களை அடைப்பதால் தசை தளர்கிறது. நாக்கில் குளிர்ச்சியை உணர்த்தும் ஏற்பிகள் குடல் நரம்புகளிலும் உண்டு. அவற்றைத் தூண்டி நோவையும் மட்டுப்படுத்துகிறது.

சரி, புதினாச் சம்பல் சாப்பிட்டால் போதாதா? போதாது. நம் சமையல் புதினாவில் பெரும்பாலும் இருப்பது கார்வோன் என்ற வேறொரு மணப்பொருள், மெந்தோல் சொற்பம். எண்ணெயை அப்படியே குடித்தாலும் பிழை: உணவுக்குழாயின் அடி வாயிலையும் அது தளர்த்திவிடும், நெஞ்செரிவு வரும். அதனால்தான் இரைப்பை அமிலத்தில் கரையாத பூச்சுள்ள குளிசையாக வருகிறது. அதைக் கடிக்கக் கூடாது, அமிலத்தைத் தணிக்கும் மருந்தோடு சேர்த்தும் விழுங்கக் கூடாது. பூச்சு முன்கூட்டியே கரைந்துவிடும். ஓமத் தண்ணீருக்கு இந்தப் பூச்சு இல்லை. பிரியாணிக்குப் பிறகு ஏப்பம் விட அது நல்லது. பெருங்குடல் முறுக்குக்கு அதிலிருந்து நான் பெரிதாக எதிர்பார்க்கமாட்டேன்.

பெப்பர்மின்டும் சர்வரோக நிவாரணி அல்ல. அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரியின் 2021 வழிகாட்டல் அதைப் பரிந்துரைத்தாலும், சான்றின் தரம் குறைவு என்றும் சொல்கிறது. மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, நித்திரையைக் கலைக்கும் வயிற்றாலை இருந்தால் கைமருந்தை விட்டுவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

அப்புறம் உள்ளி. வாயுவுக்கு நல்லதென்று ரசத்தில் தட்டிப்போடும் அதே உள்ளிதான் ஐபிஎஸ் காரருக்கு வாயுவைக் கூட்டும். அதிலுள்ள ஃபிரக்டான் என்ற ஒருவகை மாச்சத்து சிறுகுடலில் செரிக்காது. பெருங்குடல் பற்றீரியாக்கள் அதை நொதிக்க வைத்து வாயுவாக்கும். ஃபிரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே குழம்பில் அவிந்த உள்ளியைப் பொறுக்கி எறிந்து பயனில்லை, சேதம் ஏற்கெனவே குழம்பில் இறங்கியிருக்கும். நல்லெண்ணெயில் உள்ளியைப் பொரித்து, பற்களை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கத்தரிக்காயைத் தாளியுங்கள். உள்ளி மணம் அப்படியே இருக்கும்.