சாப்பிட மறுக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள்

என்னிடம் வரும் பெற்றோரில் பலர் முதலில் கேட்பது, "நாங்க எங்கே தப்பு செஞ்சோம்?" என்றுதான். பிள்ளை பல மாதங்களாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கும். முடி கொட்டும், மாதவிடாய் நின்றிருக்கும், எப்போதும் குளிர்கிறது என்று போர்த்திக்கொள்ளும். அதற்குள் யாராவது, "அம்மா ரொம்பக் கண்டிப்பு, அதான் இப்படி" என்று சொல்லியிருப்பார்கள். இன்னொருவர், "விட்டுப் பிடிங்க, பசிச்சா தானா சாப்பிடுவா" என்றிருப்பார்.

இரண்டையும் நம்பாதீர்கள். அனோரெக்சியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் மனநோய், வந்த பிள்ளை பசித்தாலும் சாப்பிடாது. ஒவ்வொரு வாயும் அதற்கு அவ்வளவு பயம். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் நோய் இன்னும் ஆழமாக வேர்விடுகிறது.

வீட்டாரைக் குற்றம் சொல்வது இந்த நோயின் வரலாற்றில் பழைய பழக்கம். இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் கல், 1870களிலேயே, நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர்கள் ஏற்றவர்கள் இல்லை என்று எழுதினார். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் அதன்பிறகு வெகுகாலம் நீடித்தது. அதே லண்டனில், மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுதான் இதைத் திருப்பிப் போட்டது. மருத்துவமனையில் எடை தேறி வீடு திரும்பிய 80 பேரை வைத்து அவர்கள் நடத்திய ஆய்வு 1987இல் வெளிவந்தது. இளம் வயதில் நோய் வந்து, 3 ஆண்டுகள் ஆவதற்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிட, பெற்றோரே முன்னின்று பிள்ளையைச் சாப்பிட வைக்கும் குடும்பச் சிகிச்சை நன்றாக உதவியது. 2010இல் அமெரிக்காவில் 121 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது குடும்பச் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். தனிநபர் சிகிச்சையில் அது 23 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த முழு மீட்சி கிடைக்கவில்லை என்பதையும் பெற்றோரிடம் நான் மறைப்பதில்லை.

சரி, வீட்டில் என்ன நடக்கும்? இந்தக் குடும்பச் சிகிச்சை மொத்தம் 6 முதல் 12 மாதம். முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்பதையெல்லாம் பெற்றோரே முடிவு செய்வார்கள். 3 வேளைச் சாப்பாடு, நடுவில் 2 அல்லது 3 முறை சிற்றுண்டி. ஒவ்வொரு வேளையும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். இரண்டாம் சந்திப்பிலேயே குடும்பத்தைச் சாப்பாட்டோடு வரச்சொல்லி, என் முன்னால் சாப்பிட வைப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் தெரியவருவது பத்து நாள் பேசினாலும் தெரியாது.

பெரும்பாலும் நான் பார்ப்பது இதுதான். அம்மா, "இன்னும் கொஞ்சம்" என்பார். பிள்ளையின் கண் கலங்கியதும் அப்பா, "போதும், விடு" என்பார். அந்தச் சின்ன இடைவெளி நோய்க்குப் போதும், தட்டு அப்படியே நகர்ந்துவிடும். பெற்றோர் இருவரும் ஒரே அளவை, ஒரே வார்த்தையில் சொல்லப் பழக வேண்டும். கலோரிக் கணக்கு பேசாதீர்கள், விவாதத்தில் நோய்தான் ஜெயிக்கும். "எனக்குத் தெரியும், கஷ்டமா இருக்கு. இந்த வாயைச் சாப்பிடு. நான் இங்கேயேதான் இருக்கேன்." இதையே 20 முறை சொன்னாலும் பரவாயில்லை, குரல் மட்டும் உயரக்கூடாது. சாப்பிட்டு முடித்த பின்னும் ஒரு மணி நேரம் கூட இருங்கள், பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள்.

"உன்னைப் பிடிக்கவே இல்லை" என்று பிள்ளை கத்தும். தட்டு பறக்கும். எத்தனையோ அம்மாக்கள் அதைச் சொல்லி என் எதிரில் அழுதிருக்கிறார்கள். அந்த நேரத்தில் பேசுவது நோய். உங்கள் பிள்ளை அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"முதலில் மனசைச் சரி பண்ணுங்க, அப்புறம் சாப்பாடு" என்று சிலர் கேட்பார்கள். நான் அப்போது அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த பட்டினி ஆய்வைச் சொல்வேன். 1944-45இல் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 36 இளைஞர்களுக்கு 6 மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பே ஓடியது. எரிச்சலும் சோர்வும் வந்தன, ஆட்களை விட்டு விலகினார்கள். பட்டினியே மனதை இவ்வளவு மாற்றும் என்றால், வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசு என்று சொல்லிப் பயனில்லை. முதல் மருந்து சாப்பாடுதான்.

தம்பி தங்கைகளைக் காவல் வைக்காதீர்கள். சாப்பிட்ட பிறகு அக்காவோடு சீட்டாடினால் போதும், அதுவே பெரிய உதவி.

எல்லாவற்றையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியாது. மயங்கி விழுவது, நெஞ்சு வலி, விழித்திருக்கும்போதே நாடித்துடிப்பு 50க்குக் கீழே இறங்குவது, தண்ணீரையும் மறுப்பது, திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, சாவைப் பற்றிப் பேசுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட பட்டினிக்குப் பின் சட்டென்று உணவைக் கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதனால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து, எவ்வளவு வேகத்தில் கூட்டலாம் என்று சொன்ன பிறகே தொடங்க வேண்டும். பார்த்தால் சராசரி எடையில் தெரியும் பிள்ளைக்கும், ஆண் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. வீட்டிலேயே அடிதடியோ துன்புறுத்தலோ இருந்தால் இந்த முறை வேண்டாம், வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

எடை தேறி, சாப்பாட்டு நேரச் சண்டை அடங்கிய பிறகு இரண்டாம் கட்டம். பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்போம். முதலில் ஒரு சிற்றுண்டியைத் தானே எடுத்துக்கொள்ளட்டும், பிறகு பள்ளியில் தோழிகளோடு ஒருவேளை சாப்பிடட்டும். எடை இறங்கினால் அந்த ஒரு வேளையை மட்டும் பெற்றோர் மீண்டும் கையில் எடுத்துக்கொண்டு, சில வாரம் கழித்துத் திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றாம் கட்டத்தில் என் அறையில் சாப்பாட்டுப் பேச்சே குறைந்துவிடும். பரீட்சை, நண்பர்கள், வீட்டுக்கு லேட்டாக வருவதைப் பற்றிய சண்டை என்று அந்த வயதுக்கே உரிய விஷயங்கள் மெல்ல உள்ளே வரும்.