பழைய விளையாட்டுக்காகக் கணினியின் பாதுகாப்பைக் கழற்றிவிடாதீர்கள்

பழைய விளையாட்டு ஒன்றை ஓட வைக்கப்போய்க் கணினியையே ஓடாமல் செய்துகொண்டு வருபவர்கள் குறைந்தபாடில்லை. இந்த வாரம் பழுதுபார்க்க வந்த மடிக்கணினியும் அந்த வகைதான். விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அணைக்கப்பட்டிருந்தது, விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் எங்கிருந்தோ கொண்டுவந்த டிஎல்எல் கோப்புகள் (நிரல்கள் இயங்கத் தேவைப்படும் துணைக் கோப்புகள்) திணிக்கப்பட்டிருந்தன, உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள் யார் கைக்குப் போயினவோ தெரியாது. இத்தனைக்குப் பிறகும் விளையாட்டு மட்டும் ஓடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால், எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் அந்த டிஎல்எல் விவகாரம். ‘டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் காணவில்லை’ என்று பிழைச்செய்தி வந்தவுடன், அந்தப் பெயரைத் தேடி, கண்ணில் படும் முதல் தளத்திலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றே பெரும்பாலானோர் நம்புகிறார்கள். அது தனித்து நிற்கும் கோப்பு அன்று. விளையாட்டுகளின் வரைகலையையும் ஒலியையும் கையாளும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்எக்ஸின் 9-ஆம் பதிப்புக்கான துணை நூலக வரிசையில் கடைசியாக வந்தது. 24-இல் தொடங்கி 43 வரை எண்ணிட்டு வந்த அந்த வரிசையில், ஒவ்வொரு விளையாட்டும் தான் உருவான காலத்து எண்ணை மட்டுமே தேடும். 30-ஐக் கேட்கும் விளையாட்டுக்கு 43 இருந்தும் பயனில்லை. “என்னிடம் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, அதற்குள் 9 அடங்காதா?” என்று கேட்காதவர் இல்லை. டைரக்ட்எக்ஸ் 9-இன் அடிப்படைப் பகுதி இன்றைய விண்டோஸிலும் இருக்கிறது. ஆனால் இந்தத் துணைக் கோப்புகள் விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை. அவற்றை மொத்தமாகத் தரும் 2010 ஜூன் மாதத்து டைரக்ட்எக்ஸ் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே வழங்குகிறது. அதை நிறுவினால் 12-க்கு எந்தப் பாதிப்பும் வராது. அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. பல விளையாட்டுகளின் குறுவட்டிலேயே டைரக்ட்எக்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும், அதைத் திறந்து பார்ப்பவர்தான் இல்லை.

கண்ட தளத்திலிருந்து எடுத்த கோப்பு ஒருவேளை தீங்கற்றதாகவே இருந்தாலும், அடுத்துப் பெரும்பாலும் ‘0எக்ஸ்சி000007பி’ என்ற பிழைதான் வந்து நிற்கும். 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64-பிட் கோப்புகளுக்கும், சிஸ்வாவ்64 என்பது 32-பிட் கோப்புகளுக்கும் உரிய இடம். பெயரில் உள்ள எண்ணை நம்பி 32-பிட் கோப்பைச் சிஸ்டம்32-இல் போடுகிறவர்கள் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். இந்தப் பெயர்க் குழப்பத்துக்குப் பயனரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோப்புறைகளுக்குள் கையால் எதையும் வைக்கவேண்டிய தேவையே இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“பழைய விளையாட்டு என்றால் ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும், அணைத்துவிடு” என்ற அறிவுரை இதைவிட ஆபத்தானது. தவறான எச்சரிக்கைகள் வருவதுண்டு, மறுக்கவில்லை. எது தவறான எச்சரிக்கை, எது உண்மையானது என்று உங்களால் பிரித்தறிய முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்றால், தயவுசெய்து அணைக்காதீர்கள்.

குறுவட்டுப் பாதுகாப்பும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. 2000-களில் வந்த ஏராளமான விளையாட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு முறை இருந்தது. அதன் இயக்கி (டிரைவர்) விண்டோஸின் மையப் பகுதியான கருவுக்குள்ளேயே (கெர்னல்) இயங்கியது. அதிலிருந்த பாதுகாப்பு ஓட்டை 2007-லேயே வெளிப்பட்டது. விண்டோஸ் 10 அந்த இயக்கியை ஏற்கவில்லை. 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று விஸ்டா, 7, 8.1 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. ஆக, உங்கள் அசல் வட்டு கீறலின்றி இருந்தாலும் விளையாட்டு திறக்காது. இதற்காக இயக்கிக் கையொப்பச் சரிபார்ப்பை அணைத்துவிட்டு அந்த ஓட்டை இயக்கியைத் திரும்ப ஏற்றுவது சுத்த மடத்தனம். வட்டுச் சோதனையை நீக்கும் அதிகாரபூர்வத் திருத்தத்தைத் தயாரிப்பாளரே சில விளையாட்டுகளுக்கு வெளியிட்டிருக்கிறார். அப்படி எதுவும் இல்லையென்றால், ஜிஓஜி போன்ற தளத்தில் நகல் தடுப்பு இல்லாத மறுபதிப்பை வாங்குவதே நேர்வழி.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டுகளில் இவ்வளவு தொல்லை இல்லை. 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை இயக்காது, இணக்கப் பயன்முறையில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இயக்காது, ஆகவே டாஸ் கணினியைப் போலவே நடித்துக் காட்டும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலை நிறுவுங்கள். அதற்குள் விளையாட்டு இருக்கும் கோப்புறையை மட்டும் இணையுங்கள், சி டிரைவை முழுவதுமாக இணைக்காதீர்கள். வேகம் தாறுமாறாக இருந்தால் கன்ட்ரோல் எஃப்11 குறைக்கும், கன்ட்ரோல் எஃப்12 கூட்டும். சுட்டியால் சொடுக்கி ஆடும் பழைய சாகச விளையாட்டென்றால் அத்தகையவற்றை இன்றைய கணினியில் ஓட வைக்கும் ஸ்கம்விஎம் என்ற நிரல் அதை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1990-களின் விண்டோஸ் விளையாட்டுகள் சிலவற்றில் விளையாட்டு 32-பிட்டாக இருந்தும் அதை நிறுவும் நிரல் 16-பிட்டாக இருக்கும், அதனால் நிறுவலே நடக்காமல் போகலாம். அதைப் பார்த்துவிட்டு “கணினிக்குச் சக்தி போதவில்லை” என்று சொல்லி நினைவகம் கூட்டச் சொல்பவர்கள்தான் அதிகம். எட்டு மெகாபைட்டில் ஓடிய விளையாட்டுக்கு நினைவகமா போதாது?

நிறங்கள் சிதறுவதும் திரை கறுப்பாகவே நிற்பதும் பெரும்பாலும் டைரக்ட்டிரா, கிளைடு ஆகிய பழைய வரைகலை முறைகளின் கட்டளைகளை இன்றைய வரைகலை அட்டை சரியாகக் கையாளாததால் வருபவை. டிஜிவூடூ 2 என்ற நிரல் அந்தக் கட்டளைகளை இன்றைய அட்டைகளுக்குப் புரியும் டைரக்ட்3டி 11-க்கோ 12-க்கோ மாற்றித் தரும். அதுவும் டிஎல்எல் கோப்புகள்தானே என்று கேட்பீர்கள். அதை உருவாக்கியவரின் பக்கத்திலிருந்தே எடுக்கிறோம், விளையாட்டின் கோப்புறைக்குள் மட்டுமே வைக்கிறோம், பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகிறோம். சிஸ்டம்32-ஐத் தொடுவதே இல்லை.

புரோகிராம் ஃபைல்ஸுக்குள் பழைய விளையாட்டை நிறுவாதீர்கள். அவை சேமிப்புக் கோப்புகளைத் தம் கோப்புறைக்குள்ளேயே எழுதப் பார்க்கும், இன்றைய விண்டோஸ் அதை அனுமதிக்காது. அதற்காக ஒவ்வொரு முறையும் நிர்வாகி உரிமையோடு இயக்குகிறவர்கள், தனியாக ஒரு கோப்புறை உருவாக்கி அங்கே நிறுவினால் போதுமானது. எதற்கும் மசியாத விளையாட்டென்றால் மெய்நிகர் கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் இணைய இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்; எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

வட்டுகள் படிக்கும் நிலையில் இருக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஓ என்ற ஒற்றைக் கோப்பு வடிவில் எடுத்தால் விளையாட்டின் இசை விடுபட்டுப் போகலாம், ஏனெனில் பல வட்டுகளில் இசை தனி ஒலித்தடங்களாகப் பதியப்பட்டிருக்கும், ஐஎஸ்ஓ அவற்றை ஏற்காது. பின்/க்யூ (BIN/CUE) என்ற இரட்டைக் கோப்பு வடிவில் எடுத்து, ஒருமுறை ஏற்றி இசை கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே வட்டை உறைக்குள் வையுங்கள்.