மைதானத்தின் முதல் பத்து நிமிடங்கள்

கபடி ஆட்டத்தில் பாடிச் சென்ற மாணவன் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது கால் பிசகி விழுந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஓடிவரும் நண்பர்களில் ஒருவன் பாதத்தைப் பிடித்து இழுக்கிறான். இன்னொருவன் தைலத்தைத் தேய்த்து உருவிவிடுகிறான். மூன்றாமவன் எழுந்து நடந்தால் சரியாகிவிடும் என்று தோளைப் பிடித்துத் தூக்குகிறான். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். கணுக்காலுக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தின் மறுகோடியில் இருக்கலாம். பெற்றோர் வீட்டில் இருப்பார்கள். அடிபட்டவனின் அருகே முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அவன் வயதுடைய இன்னொருவன்தான். ஆகவே முதலுதவியைப் பதின்பருவத்தினருக்கே கற்பிக்க வேண்டும். அதையும் மனப்பாடப் பட்டியலாக அல்லாமல், உடலுக்குள் நடப்பதை விளக்கிக் கற்பிக்க வேண்டும். காரணம் புரிந்த செயல்தான் பதற்றத்திலும் நினைவுக்கு வரும்.

பாதம் உட்புறமாக மடங்கும்போது, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணைத்திருக்கும் இணைப்பு நார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. சில இழைகள் கிழிகின்றன. அவற்றோடு நுண்ணிய இரத்தக் குழாய்களும் கிழிவதால், இரத்தமும் திரவமும் சுற்றியுள்ள திசுக்களில் கசிந்து வீக்கம் உண்டாகிறது. இந்த நிலையில் அழுத்தித் தேய்ப்பதும் உருவுவதும் கிழிசலைப் பெரிதாக்கிக் கசிவைக் கூட்டும். ஆட்டத்தை நிறுத்துவது, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பத்து முதல் இருபது நிமிடம் வரை வைப்பது, கிரேப் பேண்டேஜால் இறுக்கம் மிகாமல் சுற்றுவது, காலை நெஞ்சின் மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைப்பது ஆகிய நான்கையும் ஒரே முறையாகத் தொகுத்து 1978ஆம் ஆண்டில் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து, அழற்சி என்பது உடல் தன்னைச் சீராக்கிக்கொள்ளும் வேலையின் ஒரு பகுதி என்பதால், நெடுநேரம் ஐஸ் வைப்பது குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இன்று ஐஸ் என்பது முதன்மையாக வலியைக் குறைக்கும் குறுகிய கால உதவி. வலி அனுமதிக்கும் அளவில் விரைவாக அசைக்கத் தொடங்குவதே நல்லது என்பது பரவலான மருத்துவக் கருத்து. ஒரு மருத்துவர் தம் சொல்லைத் தாமே மாற்றிக்கொண்ட இந்த வரலாற்றையும் வகுப்பில் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். அறிவியல் எப்படி நடக்கிறது என்பதை மாணவர்கள் அதிலிருந்து அறிந்துகொள்வார்கள்.

பதின்பருவத்தினருக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து இங்கே உண்டு. வளரும் எலும்புகளின் முனைகளுக்கு அருகே வளர்ச்சித் தட்டு எனப்படும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். அது இணைப்பு நார்களைவிட வலிமை குறைந்தது என்பதால், பெரியவருக்குச் சுளுக்கோடு போய்விடக்கூடிய ஒரு திருகல், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வளர்ச்சித் தட்டையே விரிசல் காணச் செய்யலாம். வெளியே தெரிவது அதே வீக்கம், அதே வலி. அதை வெறும் சுளுக்கு என்று எண்ணி வழித்துவிடுவது எவ்வளவு பெரிய கேடு என்பதை விளக்க வேண்டியதில்லை. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகரில் உருவான எளிய விதிகள் இங்கே துணை நிற்கின்றன: கணுக்காலில் வலி இருக்கும்போது, அடிபட்டவர் தாமாக நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலோ பின்விளிம்பிலோ அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கால் கோணலாகத் தெரிந்தால் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். நேராக்க முயலாமல், இருக்கும் நிலையிலேயே அசையாதபடி தாங்கல் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பது தவறு. இரத்தம் தொண்டைக்குள் இறங்கிக் குமட்டலையும் மூச்சடைப்பையும் உண்டாக்கும். பெரும்பாலான கசிவுகள் மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கம் உள்ள இரத்தக் குழாய் வலையிலிருந்தே வருகின்றன. சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருப்பதே போதும். நின்றதா என்று இடையிடையே திறந்து பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் கசியும்.

ஹாக்கி மட்டையோ கிரிக்கெட் பந்தோ பட்டுப் பல் வேரோடு விழுந்துவிட்டால், அந்தப் பல் உயிருள்ள பொருள் என்பதை முதலில் உணர வேண்டும். வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வின் செல்கள் உயிரோடு இருக்கும்வரைதான் பல் மீண்டும் எலும்போடு ஒட்டும். காய்ந்த நிலையில் அவை ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறந்துவிடுகின்றன. எனவே வேரைத் தொடாமல், வெண்மையான மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், மண் ஒட்டியிருந்தால் பாலிலோ ஓடும் தண்ணீரிலோ ஒருசில நொடிகள் அலச வேண்டும், தேய்க்கக் கூடாது. அது நிலைப்பல்லாக இருந்து, பிள்ளை தெளிவான நினைவோடு இருந்தால், உடனே குழியிலேயே பொருத்தி ஒரு கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லலாம். அது இயலாவிட்டால் பாலில் போட்டுப் பல் மருத்துவரிடம் விரைய வேண்டும். பாலின் உப்பு அடர்த்தி செல்களுக்கு ஒத்துப்போவதால் அவை அதில் தாக்குப்பிடிக்கின்றன. வெறும் தண்ணீரில் ஊறினால் நீரை உறிஞ்சி வெடித்துவிடுகின்றன. பள்ளிக்கு அருகே தேநீர்க் கடை இல்லாத ஊர் நம்மிடம் அரிது என்பதால், பால் கிடைப்பது கடினமில்லை.

கோடைகாலப் பயிற்சி முகாம்களில் அஞ்ச வேண்டியது வெப்பத்தாக்கு. வெயிலில் ஓடிய ஒருவர் தடுமாறினாலோ, பொருத்தமில்லாமல் பேசினாலோ, உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியிருக்கக்கூடும்; வியர்வை இருக்கிறது என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல், நிழலில் கிடத்தி உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறத் தொடங்க வேண்டும். தெளிவில்லாதவரின் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது தலையில் படும் அடி. வீக்கமோ இரத்தமோ இல்லாமல், ஸ்கேனிலும் எதுவும் தெரியாமல் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கும் மூளை திடீரென்று குலுங்கும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்கச் செல்கள் மிகுந்த ஆற்றலைச் செலவிடும் அதே நேரத்தில் இரத்த ஓட்டம் குறைந்துபோவதால், மூளை ஆற்றல் பற்றாக்குறையில் தவிக்கிறது. கிரிக்கெட் வர்ணனையில் ‘கன்கஷன்’ (மூளை அதிர்வு) என்று கேட்கிறோமே, அது இதுதான். பெரும்பாலும் நினைவு தப்புவதில்லை. அறிகுறிகள் பிந்தியும் வரலாம். 2019இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பந்து தாக்கி விழுந்தார். சோதனைகளில் தேறி மீண்டும் மட்டை பிடித்தார். மறுநாள் அறிகுறிகள் தெரிந்தபின் அவருக்கு மாற்றாக மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார்.

மூளை தவித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் அடி பட்டால், இளையோருக்கு மூளை வேகமாக வீங்கி உயிர் போகவும் கூடும். 2013இல், அதே ஒட்டாவா நகரில், 17 வயது ரக்பி வீராங்கனை ரோவன் ஸ்டிரிங்கர் அப்படித்தான் இறந்தார். சில நாள் இடைவெளியில் தலையில் அடிபட்டிருந்த அவர், தமக்கு மூளை அதிர்வு இருக்குமோ என்று கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறார். தோழிகளுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பியிருக்கிறார். பிறகும் ஆடச் சென்றிருக்கிறார். 2018இல் ஒன்டாரியோ மாகாணம் அவர் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, ஐயம் எழுந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று விதித்தது. செய்தி பெரியவர்களுக்கு முன்பே தோழிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது என்பதுதான் என் நெஞ்சை விட்டு அகலாதது. தலைவலி, தலைசுற்றல், மங்கிய பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று நண்பனிடம் சொல்லவும், பெரியவரிடம் தெரிவிக்கவும் பிள்ளைகளுக்குத் துணிவு வேண்டும்; அது காட்டிக்கொடுப்பது ஆகாது. தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத உறக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை. கழுத்து வலித்தால் அசைக்கவே கூடாது.

அரிதாக, நெஞ்சில் பந்து தாக்கும்போதே இதயம் நின்றுவிடுவதும் உண்டு. இதயத் துடிப்பின் சுற்றில், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு போன்ற மிகக் குறுகிய கணத்தில் அடி விழுந்தால் மின்னோட்ட ஒழுங்கு குலைகிறது. நெஞ்சுக்கூடு இன்னும் இறுகாத இளையோருக்கே இது மிகுதி. விழுந்தவர் கூப்பிட்டும் அசையாமல், இயல்பாக மூச்சுவிடாமல் இருந்தால் (அவ்வப்போது வாய் திறந்து விக்குவது மூச்சன்று) 108ஐ அழைத்து, நெஞ்சின் நடுவில் ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பிள்ளைகளால் இது முடியுமா என்ற ஐயம் தேவையில்லை. 13 வயதினர் பெரியவர்களுக்கு நிகராக அழுத்த முடிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. டென்மார்க் 2005இல் பள்ளிகளில் இப்பயிற்சியைக் கட்டாயமாக்கியது. 2001க்கும் 2010க்கும் இடையே, மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுக்கு அருகிலிருந்தோர் நெஞ்சழுத்தம் கொடுத்த அளவு 21 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காடாக உயர்ந்தது. முப்பது நாள் கடந்து பிழைத்திருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 விழுக்காடானார்கள். பள்ளிப் பயிற்சி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், அதன் பங்கைப் புறக்கணிக்கவும் முடியாது. 12 வயது முதல் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இதைக் கற்பிக்கும் திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஆதரித்தது.

இந்தப் பயிற்சியைக் கரும்பலகையில் நடத்த இயலாது. ஒருவர் கணுக்காலில் மற்றவர் பேண்டேஜ் சுற்றி, விரல்நுனி நீலம் பூக்கிறதா என்று பார்த்துத் தளர்த்தப் பழக வேண்டும். பயிற்சி பொம்மையின் நெஞ்சில் கைவலிக்க இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்க வேண்டும். 108க்குப் பேசுவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும்: எந்த ஊர், எந்தப் பள்ளி, அருகே தெரியும் அடையாளம் என்ன, அடிபட்டவர் மூச்சுவிடுகிறாரா. அழைப்பு முடிந்ததும் ஒரு மாணவர் ஓடிப்போய்ப் பள்ளியின் முன்வாசலில் நின்று மைதானத்துக்கு வழிகாட்ட வேண்டும். ஆம்புலன்ஸ் அங்கேதான் வரும். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் மைதானத்துக்கான கதவு பின்தெருவில் இருக்கிறது, அதன் சாவி காவலாளியிடம் இருக்கிறது.