தாளுக்கு ஒரு பென்னி

ஆங்கிலக் கவிஞர் மில்டன் தன் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தை 1667இல் சாமுவேல் சிம்மன்ஸ் என்ற அச்சுக்காரருக்கு 5 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்தார். முதல் பதிப்பில் 1,300 பிரதி விற்றதும் இன்னொரு 5 பவுண்டு வந்தது. அவர் இறந்த பிறகு மனைவி 8 பவுண்டு வாங்கிக்கொண்டு மிச்ச உரிமையையும் விட்டுவிட்டார். ஆக 18 பவுண்டு.

மோசடி எல்லாம் இல்லை, அன்றைய நடைமுறையே அதுதான். லண்டன் புத்தக வணிகர்களின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு 1557இல் மேரி அரசி சாசனம் கொடுத்திருந்தார். அவர்களின் பதிவேட்டில் எந்த உறுப்பினர் பேரில் நூல் ஏறுகிறதோ அச்சிடும் உரிமை அவருக்கு, காலவரம்பே கிடையாது, வீடு வாசல் மாதிரி விற்கலாம், பிள்ளைகளுக்கும் விட்டுப்போகலாம். கள்ள அச்சகங்களைச் சங்கமே தேடிப் பிடித்ததால் தணிக்கை செய்யும் அரசுக்கும் வசதி.

1695இல், இந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்ற உரிமச் சட்டம் காலாவதியானது, நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. வணிகர்கள் மனுமேல் மனு போட்டார்கள். தங்கள் வியாபாரம் படுக்கிறது என்று புலம்பியது எடுபடாமல் போகவே, எழுத்தாளரும் அவர் குடும்பமும் படும் பாட்டை முன்னால் நிறுத்தினார்கள். கெட்டிக்காரர்கள்தான்!

1710இல் வந்தது ஆன் அரசி காலத்துச் சட்டம். புது நூலை அச்சிடும் உரிமை 14 ஆண்டு, அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14. ஏற்கெனவே அச்சான நூல்களுக்கு 21. இந்த 14, 21 கணக்கு கண்டுபிடிப்புகளுக்கான 1624ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்திலேயே இருந்ததுதான். திருடி அச்சடித்துச் சிக்கினால் பிரதிகள் பறிமுதல், அதோடு கையில் பிடிபட்ட ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பென்னி அபராதம். 20 தாள் கொண்ட புத்தகத்தில் 500 பிரதி பிடிபட்டால் 10,000 பென்னி, அதாவது (அன்று பவுண்டுக்கு 240 பென்னி) 41 பவுண்டுக்கு மேல். அதில் பாதி அரசிக்கு, பாதி வழக்குப் போட்டவருக்கு.

சரி, கெடு முடிந்ததும் விட்டார்களா? பொதுச் சட்டப்படி, அதாவது நாடாளுமன்றம் இயற்றாமல் வழக்கத்திலும் தீர்ப்புகளிலும் வளர்ந்த சட்டப்படி, உரிமை என்றென்றைக்கும் தங்களுடையதே என்று லண்டன்காரர்கள் சாதித்தார்கள், 1769இல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு பெக்கெட் முதலான லண்டன் வணிகர்கள் ஜேம்ஸ் தாம்சனின் கவிதை உரிமையை 505 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அவற்றை மலிவாக அச்சடித்தவர் ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் அலெக்சாண்டர் டொனால்ட்சன். வழக்கு, அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய், 1774 பிப்ரவரியில் டொனால்ட்சன் ஜெயித்தார்: அச்சான நூலுக்கு சட்டம் சொல்லும் ஆண்டுகள்தான், அதற்கு மேல் கிடையாது.

தாம்சன் செத்து அப்போது 25 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.