பருவொலி இசை: ‘கான்கிரீட்’ வந்த வழி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் ஓர் இளைஞர், இரப்பர்த் தோட்டத்தில் விடியலில் ஆட்களைத் திரட்ட அடிக்கும் பெரட்டு மணியையும், மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் பால் சொட்டும் ஓசையையும் கைப்பேசியில் பதிந்து, கணினியில் பிறப்பித்த மின்னொலிகளோடு கோத்து அரங்கேற்றினார். அழைப்பிதழில், பதிந்த ஒலிகளைக் கொண்டு அமைக்கும் இசைக்கு வழங்கும் ‘கான்கிரீட் இசை’ என்ற பெயர் அச்சாகியிருந்தது. தோட்டத்து ஆட்களை மேற்பார்த்து ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “சிமெண்டு கலக்குற சத்தமா தம்பி?” என்று கேட்டார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. பிழை சொல் வந்த வழியில் இருக்கிறது. ‘சேர்ந்து வளர்தல், இறுகுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல், பிரெஞ்சில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற பருமையை, அதாவது நுண்மைக்கு எதிரானதைக் குறிக்கிறது. கட்டடக் கலவைக்குப் பிரெஞ்சுக்காரர்களிடம் ‘பேத்தோன்’ என்ற வேறு சொல் இருப்பதால் அவர்களுக்கு இந்தக் குழப்பமே எழாது. ஆங்கிலத்தின் வழியாகப் பெற்ற நமக்குத்தான் சிமெண்டு வாசம் அடிக்கிறது.

பெயரை இட்டவர் பாரிஸ் வானொலியில் பணியாற்றிய பொறியாளர் பியர் ஷேஃபர். இரயில் ஓசைகளை இசைத்தட்டுகளில் பதிந்து அவர் அமைத்த ஆக்கம் 1948 அக்டோபர் 5 அன்று ஒலிபரப்பானது. இராகத்தையும் தாளத்தையும் முதலில் கருதி, எழுதி, பிறகு கருவியில் ஒலிக்கச் செய்வது வழக்கமான முறை. ஷேஃபர் அதைத் தலைகீழாக்கி, கையிலுள்ள ஒலியிலிருந்து தொடங்கி வடிவத்துக்குச் சென்றார். ஆகவே ‘கான்கிரீட்’ என்பது ஒலியின் கடினத்தை அன்று, வேலையின் வரிசையைச் சொல்கிறது. பெயர் பிறக்கும் முன்பே, 1944இல், கெய்ரோவில் எகிப்திய இசையமைப்பாளர் ஹலீம் எல்-தப், ஒலியைக் காந்தக் கம்பியில் பதியும் கம்பிப் பதிவியைக் கொண்டு இத்தகைய ஆக்கம் ஒன்றைச் செய்திருந்தார்.

‘திண்ம இசை’ என்ற மொழிபெயர்ப்பு இயற்பியல் பாடத்துக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது. ‘அரவ இசை’ எனலாமா? கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கையும் அரவப் பொருளன என்று தொல்காப்பியம் தொகுத்திருப்பதால் அச்சொல்லுக்கு மரபு உண்டு. ஆனால் அது ஆரவாரத்தைச் சொல்லுமே ஒழிய வேலையின் வரிசையைச் சொல்லாது, பாம்பும் கூடவே தலைகாட்டும். ‘பருப்பொருள்’, ‘நுண்பொருள்’ என்ற இணை முன்பே வழங்குவதால் ‘பருவொலி இசை’ என்பதே என் தேர்வு. முகப்பரு நினைவுக்கு வருகிறதே என்பாருக்கு ஒரு சொல்: அதுவும் பருத்து நிற்பதால் வந்த பெயர்தான்.

மின்கருவி தானே பிறப்பிக்கும் ஒலியில் தொடங்குவதை, 1951இல் ஜெர்மனியின் கொலோன் வானொலியில் உருவான ஒலிக்கூடத்தினர் செய்ததுபோல, ‘மின்னொலி இசை’ எனப் பிரித்துச் சொல்ல வேண்டும். களத்தில் பதிந்த ஒலியை எவ்வளவு மாற்றினாலும் அது இந்தப் பிரிவுக்கு வாராது. மணியோசையில் அடி விழும் கணத்தை வெட்டிவிட்டால் எஞ்சும் நாதம் குழலோசைபோல் ஆகிவிடுவதை ஷேஃபரே கண்டார். எங்கள் இளைஞரும் பெரட்டு மணியை அப்படித்தான் வெட்டியிருந்தார். பல்லாண்டு விடியலில் அந்த மணிக்கு எழுந்த தண்டல், “யாரு நாயனம் ஊதுறது?” என்றார். இரும்பிலிருந்து எடுத்ததால் அது மின்னொலி ஆகாது, பருவொலியே.